பல்துறை நேசையன்

"முதல் கோடு இப்போ இல்ல" என்று குறிப்பேட்டில் எழுதி, அடியில் கோடு இழுத்துவிட்டு நேசையன் பேனாவை மூடினார். மேடையில் ஓர் இளம் ஆய்வாளர் பொழியூர்க் கடற்கரையின் வரைபடத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். கரையோடு ஒட்டி மூன்று கோடுகள். மூன்றும் சாலைகள் என்றார். அரங்கின் கடைசி வரிசையில், குளிர்காற்று நேராக மேலே விழாத மூலையில், செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு நேசையன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் மாநாட்டுப் பை. கேள்வி நேரம் வந்ததும் எழுந்தார்.

"சாறே, கடலுக்குப் பக்கத்தில காட்டுன ரோடு இப்போ கடலுக்குள்ள ஆக்கும். நான் அதில மீன் வண்டி ஓட்டினவன். ரெண்டாவதும் பாதி போச்சு. மூணாவது ரோட்டிலதான் இப்போ பஸ் திரும்புது. உங்க படத்தில மூணும் நல்ல சுகமா இருக்கே, அது எந்த வருசத்துப் படம்?"

தலைகள் திரும்பின. படம் இருபது வருடம் பழையது என்று ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நேசையனோடு ஒரே வண்டியில் வந்த நான்கு பேராசிரியர்கள் அந்த நேரத்தில் அரங்கில் இல்லை. சான்றிதழ் கொடுப்பது நான்கு மணிக்கு. நாகர்கோவிலில் துணிக்கடைகளுக்குக் குறைவில்லை.

நேசையன் அவர்களுடைய டிரைவர்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது கல்லூரி. அதன் பதினான்கு இருக்கை டிராவலரை அவர் பதினேழு வருடமாக ஓட்டுகிறார். அதற்கு முன் பொழியூரிலிருந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு மீன் வண்டி. அந்தச் சாலையைக் கடல் எடுத்த வருடம் இந்த வேலைக்கு வந்தார். "நான் ஓட்டின ரோட்டில இப்போ மீனு ஓடுது" என்பார். அவரைப் பொறுத்தவரை இது வேடிக்கைப் பேச்சல்ல, முகவரி.

மாநாட்டில் உட்கார ஆரம்பித்தது சாப்பாட்டால். முதல் வருடம் ஒரு கல்லூரியில் அடையாள அட்டை இல்லாதவருக்குப் பந்தியில் இடமில்லை என்று எழுப்பிவிட்டார்கள். இலை போட்டு, உப்பு வைத்த பிறகு. அடுத்த முறை, ஐந்து பேராகப் பதிந்தால் கட்டணம் குறையும் என்று விலங்கியல் ஆதித்யன் சார் ஐந்தாவது பெயராக அவரையும் எழுதினார். படிவத்தில் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், ஆய்வு மாணவர் என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. டிரைவருக்குக் கட்டம் இல்லை. நடுக் கட்டத்தில் ஆதித்யன் சார் குறி போட்டார். அன்றிலிருந்து நேசையனுக்குப் பந்தியில் இடம் உண்டு. மாலையில் ஐந்து சான்றிதழ் வரும். ஐந்தாவதை அவர் வண்டியின் முன்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

அரங்கில் அவர் தூங்குவதில்லை. "பகல்ல டிரைவர் உறங்கினா ராத்திரி வண்டி உறங்கும்" என்பது அவர் கணக்கு. தூங்காமல் இருக்க ஒரே வழி கேட்பது. கேட்டதை எழுதினால் இன்னும் நல்லது. வங்கி இணைப்பு, பவளப்பாறை, நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டு, நானோ துகள் என்று முப்பத்தேழு மாநாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு. கட்டுரைகளை அவர் தன் தொழில்மொழியில் தரம் பிரிப்பார். "இந்த சாறு நல்ல லோடு ஏத்தியிருக்காரு, ஏற்றத்தில இழுக்கல்ல." அல்லது, "அந்த டீச்சர் நியூட்ரல்ல நின்னு முறுக்குகாவ. சத்தம் உண்டு, போக்கு இல்ல."

கல்லூரியில் யார் என்ன சாதித்தார்கள் என்பது முதல்வருக்கு முன் அவருக்குத் தெரியும். எல்லாச் சாதனையும் அவர் வண்டியில்தான் போய்வருகிறது. ஆதித்யன் சாருடைய மண்புழு ஆய்வு மூன்று இதழ்களில் மூன்று தலைப்புகளில் வந்தது. "மண்புழுவாக்கும், மூணா முறிச்சாலும் மூணும் ஊரும்" என்றார் நேசையன். வணிகவியல் அஜேஷ் சார் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் அமர்வுத் தலைமை வகித்தார். உண்மையான தலைவர் களியக்காவிளை நெரிசலில் மாட்டிக்கொண்டதால் கிடைத்த ஏழு நிமிடம் அது. இயற்பியல் ரேஷ்மி டீச்சர் ஐந்து நாள் இணையவழிப் பயிற்சியை முடித்தார். மூன்றாம் நாள் பயிற்சி டிராவலரிலேயே நடந்தது. காமிரா அணைந்திருந்தது, டீச்சர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பயிற்சி கொடுத்தவர், புரிகிறதா என்று ஒரே ஒரு முறை கேட்டார். "புரியுது சாறே" என்று முன்னாலிருந்து நேசையன்தான் சொன்னார்.

இவற்றையெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவது அலுவலகக் கிளார்க் சரோஜம். மாதக் கடைசியில் துறை துறையாகப் போன் செய்வார். "சாறே, இந்த மாசம் என்ன உண்டு? ஒண்ணும் இல்லேண்ணா 'நில்'லுண்ணு எழுதி ஒப்பு போட்டுத் தாங்க." நில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பேராசிரியர் இதுவரை யாரும் இல்லை. ஒருவர், பக்கத்துக் கல்லூரி விழாவில் குத்துவிளக்கின் மூன்றாவது திரியை ஏற்றியதை அனுப்பினார். இன்னொருவர், அந்த விழாவுக்கு வரமுடியாமல் போனதற்கு எழுதிய வாழ்த்துச் செய்தியை அனுப்பினார். இரண்டையும் சரோஜம் பதிந்தார். அவரவர் அனுப்புவதைப் பதிவதுதான் தன் வேலை, எடை போடுவதல்ல என்பார்.

நேசையனுக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்திரம் ஆகவேண்டும். பதினேழு வருடமும் அவர் தற்காலிகம். எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி எண்பத்தொன்பது. இடைவெளி நாளிலும் வண்டி ஓடும். ஓட்டுகிறவரின் பெயர் மட்டும் அன்று எந்தத் தாளிலும் இருக்காது. ஐம்பத்தைந்து நிறைந்துவிட்டால் ஸ்திரம் ஆக்க நிர்வாக விதியில் இடமில்லை. நேசையனுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஐம்பத்தைந்து.

விண்ணப்பத்தைச் சரோஜம்தான் எழுதிக்கொடுத்தார். "எல்லா சர்டிபிகேட்டும் சேத்து வையும் அண்ணே, ஒண்ணும் விடண்டாம்." நேசையன் ஒன்றும் விடவில்லை. லைசென்ஸ் நகல், கண் சோதனைச் சீட்டு, திருச்சபை தந்த வயதுச் சான்று, முப்பத்தேழு மாநாட்டுச் சான்றிதழ்கள். எல்லாவற்றையும் நூலில் கட்டி சரோஜத்தின் மேசையில் வைத்தார். அது மதிப்பீட்டுக் குழு வரப்போகும் பருவம். கல்லூரிக்குத் தரம் போடும் குழு. அந்த மேசையில் பேராசிரியர்களின் சான்றிதழ்களும் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மாணவர் தொண்டர்கள் கட்டுகளை அள்ளிப்போய் மூன்று நாள் இரவுபகலாக இணையத்தில் ஏற்றினார்கள். நேசையன் என்ற ஆசிரியர் எந்தத் துறை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சான்றிதழ்களில் விலங்கியல் இருந்தது, வணிகவியல் இருந்தது, தமிழும் இயற்பியலும் இருந்தன. ஒரு புத்திசாலிப் பெண் 'பல்துறை ஆய்வு' என்ற கட்டத்தைத் தேர்ந்தாள். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

கடைசித் தேதி முடிந்ததும் தளம் தானாகப் பூட்டிக்கொண்டது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று சாதனைகள். நிர்வாகம் மகிழ்ந்து வாசலில் பெரிய பிளெக்ஸ் கட்டியது: 'நம் ஆசிரியர்களின் 143 நேட்டங்கள்'. மலையாளத்திலும் தமிழிலும். பதினோராம் நாள் குழுத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. கல்லூரியில் மிக அதிகச் சாதனை செய்திருக்கும் பல்துறை ஆய்வாளர் திரு. நேசையனைத் தனியாகச் சந்திக்க விரும்புகிறேன்.

முதல்வர் பிரசீதா டீச்சர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கல்லூரியின் உள் தரக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் வணிகவியல் அஜேஷ் சார். அவரையும் சரோஜத்தையும் அழைத்தார்.

"யாராக்கும் இந்த நேசையன்? நம்ம டிப்பார்ட்மெண்டில இப்படி ஒராளு உண்டா?"

"டீச்சரே..." அஜேஷ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். வெளியே நேசையன் டிராவலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் ஸ்திரம் ஆகதுக்குத் தந்த ஃபைல் ஆக்கும் அது" என்றார் சரோஜம். "பிள்ளையளு அள்ளிட்டுப் போயி ஏத்திருக்காவ."

"எடுத்து மாத்து."

"பூட்டியாச்சு டீச்சர்."

"எடுத்தாலும் ஆபத்து" என்றார் அஜேஷ். "இந்த முப்பத்தேழு போனா பாக்கி நூற்றாறு. போன தடவை நமக்கு நூற்றிப்பத்து. அஞ்சு வருசத்தில ஆசிரியர்மாரு கீழ போனாவண்ணு எழுதிருவாவ."

பிறகு நேசையனைக் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னார்கள். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நேசையன் ஒரு பொய்யும் சொல்லண்டாம்" என்றார் பிரசீதா டீச்சர். "கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னா மதி, அது போதும். கேக்காததைச் சொல்லண்டாம்."

"கேட்டா?"

"என்ன கேட்டா?"

"டிரைவர் ஆக்குமாண்ணு கேட்டா?"

"அப்படி யாரும் கேக்கமாட்டாவ" என்றார் அஜேஷ். "கோட்டு போட்டவனைப் பாத்து யாரு கேப்பா?"

நேசையன் இருக்கையின் நுனியிலேயே இருந்தார். "எனக்க ஃபைலு?"

"டீம் போன உடனே காலேஜ் மேனேஜர் ஒப்பு போடுவாரு" என்றார் பிரசீதா டீச்சர். "பன்னிரண்டாம் தேதிக்கு முன்ன. இது நான் தாற வாக்கு."

"தப்பாப் போனா?"

தப்பாகப் போனால் ஆள்மாறாட்டம் செய்தவர் என்று யார் பெயர் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படிவத்தில் குறி போட்ட ஆதித்யன் சார் அன்று விடுப்பு.

வீட்டில் மனைவி பிஜி கோட்டைக் கம்பியில் தொங்கவிட்டு இஸ்திரி போட்டாள். அஜேஷ் சாருடைய கோட்டு, தோளில் இரண்டு விரற்கடை அதிகம். "எய், பேராசிரியரே" என்றாள். "இனி கஞ்சிக்குத் தொட்டுக்க மீன்கறி மதியா, இல்ல சுவரில படம் காட்டணுமா?"

"கிண்டல் பண்ணாத. ஸ்திரம் ஆயிட்டா பின்ன சாகுவது வரை ஒரு பிடிமானம் உண்டு."

"பதினேழு வருசம் நல்லா வண்டி ஓட்டினதுக்குக் கிட்டாதது, ஒரு நாளு வண்டி ஓட்டாம இருந்தா கிட்டுமாக்கும்?" என்று இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள் பிஜி. "உங்க காலேஜுக்க விதி கொள்ளாம், நல்ல விதி."

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் தஞ்சாவூர்ப் பக்கம், நிலவியல்காரர், ஓய்வு பெற்றவர். விலங்கியல் கூடத்தை ஒட்டிய பண்டக அறைக்குப் 'பல்துறை ஆய்வு மையம்' என்று புதுப் பலகை. உள்ளே ஒரு மேசை, நான்கு நாற்காலி. அலமாரியில் ஸ்பிரிட் பாட்டில்களுக்குள் ஓணானும் கடற்குதிரையும் இருந்தன, இறக்கிவைக்க நேரமில்லாமல். கோட்டுக்குள் நேசையன். பின்னால் சுவரோடு சுவராக அஜேஷ்.

"பதினேழு ஆண்டாக இங்கே இருக்கிறீர்கள்" என்றார் தலைவர்.

"கழிஞ்ச ஆவணிக்கு பதினேழு சாறே."

"வகுப்புச் சுமை அதிகமா?"

"வகுப்பு இல்ல சாறே."

அஜேஷ் இருமினார்.

"முழுநேர ஆய்வு!" தலைவர் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். "இப்படி ஒருவரை விட்டுவைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது. களப்பணி?"

"எப்பவும் களத்திலதான். பிள்ளையளை எல்லா வருசமும் நான்தான் கூட்டிட்டுப் போவேன். பேச்சிப்பாறை, முட்டம், தென்மலை."

"ஒரு தடவைக்கு எத்தனை மாணவர்?"

"பதினாலு. அதுக்கு மேல ஆனா போலீஸ் பிடிக்கும்."

மூவரும் சிரித்தார்கள். இரண்டாமவர் 'விகிதம் 1:14' என்று எழுதிக்கொண்டார்.

"பொழியூர் பற்றிய ஒரு கட்டுரையில் அடிக்குறிப்பு பார்த்தேன்" என்றார் தலைவர். "'பாறசாலை திரு. நேசையன் சுட்டிக்காட்டியபடி' என்று. அதற்காகத்தான் உங்களைப் பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் கரையைப் பற்றிச் சொல்லுங்கள்."

நேசையன் கோட்டுப் பையைத் தடவினார். அது அஜேஷ் சாருடைய பை, உள்ளே ஒன்றுமில்லை. தலைவரே பேனாவும் தாளும் கொடுத்தார். நேசையன் ஒரு கோடு இழுத்தார்.

"இது முதல் ரோடு. இஞ்ச ஒரு குருசடி உண்டு, சிலுவை வச்ச சின்னக் கோயில். இஞ்ச ஐஸ் கம்பெனி. நான் நாலு மணிக்கு ஐஸ் ஏத்துவேன். ஒரு வருசம் குருசடி வரை தண்ணி வந்தது. அப்பம் கல்லு போட்டாவ. கல்லுக்கு இந்தப் பக்கம் மண்ணு பிடிச்சு நின்னுது. அந்தப் பக்கம் தின்னுட்டே போச்சு. கல்லு ஒரு வீட்டைக் காப்பாத்தும் சாறே, அடுத்த வீட்டைக் காட்டிக் குடுக்கும். பின்ன அடுத்த வீட்டுக்காரன் கல்லு கேட்டான். குடுத்தாவ. அவனுக்கு அடுத்தவன் போனான். இப்படியே நான் ரோடு மாறி மாறி ஓட்டினேன். கடைசீல ஐஸ் கம்பெனியும் இல்ல, ஏத்த மீனும் இல்ல."

இருபது நிமிடம் பேசினார். தாளில் ஏழு கற்குவியல்கள், அவற்றுக்குப் பக்கத்தில் வருடங்கள், எந்த வருடம் யார் வீடு என்று பெயர்கள். இரண்டு நாள் சுற்றிப்பார்த்ததில் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கேட்டது அந்த இருபது நிமிடம் மட்டுமே.

"இதை ஏன் நீங்கள் எழுதவில்லை?"

"கேக்க ஆளில்ல சாறே. சாறுமாரு ஏறின உடனே உறங்கீருவாவ."

அஜேஷ் மறுபடி இருமினார். தலைவர் அந்தத் தாளை மடித்துத் தன் கோப்புக்குள் வைத்தார். எழுந்து நேசையனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடி விடச் சற்று நேரம் ஆயிற்று.

அன்று பிற்பகல் அரங்கில் அறிக்கை வாசித்தார்கள். கல்லூரியின் பலங்கள் என்ற தலைப்பில் முதல் வரி, பல்துறை ஆய்வு மையமும் திரு. நேசையனின் களப்பணியும். கைதட்டல் நீண்டது. ஆதித்யன் சார் எழுந்து நின்று தட்டினார். அவருடைய மண்புழு அறிக்கையில் எங்கும் வரவில்லை. தரம் ஒரு படி ஏறியிருந்தது. மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி நேசையனின் தோளில் கைவைத்தார். அந்தக் கை எந்தக் காகிதத்திலும் ஒப்புப் போட்டுவிட்டு வந்ததல்ல என்பது ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது.

சரோஜம் மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டு நாற்காலியைக் காட்டினார். "அண்ணே, இரியும்."

"ஒப்பு போட்டாச்சா மக்கா?"

"ஃபைல் இப்போ ஃபைல் இல்ல. அது அச்சீவ்மெண்ட் கட்டு. ரிப்போர்ட்டுக்க கூட சேத்து சீல் வச்சாச்சு."

"புதுசா ஒண்ணு எழுது. லைசென்ஸ் எனக்க கையில உண்டு."

"எழுதலாம். ஆனா, உங்களை டிரைவரா ஸ்திரம் ஆக்கணும்ணா முதல்ல ஆசிரியர் லிஸ்டில இருந்து எடுக்கணும். ஒராளு ரெண்டு லிஸ்டில நிக்கக்கூடாது. எடுத்தா, ரிப்போர்ட்டில உள்ள முதல் வரி பொய்யாகும்."

"பின்ன ஆசிரியராட்டு ஸ்திரம் ஆக்கட்டும்."

"அதுக்கு டிகிரி வேணும் அண்ணே."

நேசையன் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். "எப்போ எடுப்பாவ லிஸ்டில இருந்து?"

"இந்த கிரேடு காலாவதி ஆக அஞ்சு வருசம் ஆகும். அதுக்கு முன்ன தொடக்கூடாதுண்ணு மேனேஜர் சொல்லிட்டாரு." சரோஜம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க கொஞ்சம் மோசமா பேசியிருக்கலாம் அண்ணே. ரெண்டு வரி உளறியிருந்தா அவிய வேற ஆளைப் பாத்துட்டுப் போயிருப்பாவ."

"ரோடு தெரிஞ்சவன் எப்படி மக்கா வழி தப்பிச் சொல்லுவான்?"

"அப்போ டிராவலரு? அதை நாளைக்கு யாரு ஓட்டுவா?" என்று நேசையனே கேட்டார். சரோஜத்துக்கு அதற்கு விடை தெரிந்திருந்தது. நாளைக்கும் நேசையன்தான். ஆனால் குழு விமானம் ஏறிய பிறகு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழேகாலுக்கு மூன்று உறுப்பினர்களும் டிராவலரில் ஏறினார்கள். அஜேஷ் சார் ஓட்டினார். நேசையன் வழியனுப்பும் பேராசிரியராக இரண்டாம் வரிசையில் தலைவரின் பக்கத்தில் இருந்தார். அஜேஷ் சாருடைய சொந்தக் கார் கியர் இல்லாதது. அமரவிளையில் வண்டி ஒருமுறை நின்றது. நெய்யாற்றின்கரையில் இரண்டு முறை. பாலராமபுரம் சந்திப்பில் நடுச்சாலையில் நின்று, கிளம்ப மறுத்தது. பின்னால் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்தன. விமானம் பத்து நாற்பதுக்கு. மணி எட்டே கால்.

நேசையன் இறங்கினார். வண்டியை முன்பக்கமாகச் சுற்றிவந்து டிரைவர் கதவைத் திறந்தார்.

"அண்ணே, ரிப்போர்ட்டு..." என்றார் அஜேஷ், உதடு அசையாமல்.

"அது நேத்தே எழுதியாச்சு சாறே. மாறி இரியும்."

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. தலைவர் முன்னால் வந்து உட்கார்ந்தார். வண்டி பாப்பனங்கோட்டைத் தாண்டியது.

"பிரமாதமாக ஓட்டுகிறீர்கள்" என்றார் தலைவர்.

"நான் இந்தக் காலேஜ் டிரைவர் ஆக்கும் சாறே." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் நேசையன் சொன்னார். "பதினேழு வருசமாட்டு டிரைவர். கோட்டு அஜேஷ் சாறுக்கது. அந்த சர்டிபிகேட்டு எல்லாம் சோறு திங்கப் போனப்ப கிட்டினது. இதை நீங்க ரிப்போர்ட்டில ஒரு வரி எழுதித் தந்தா எனக்கு உபகாரமா இருக்கும். பன்னிரண்டாம் தேதிக்கு முன்ன வேணும்."

பின்னால் அஜேஷ் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் சிறிது நேரம் நேசையனின் கைகளைப் பார்த்தார், கியரின் மேல் இருந்த கையை, ஸ்டியரிங்கின் மேல் இருந்த கையை. பிறகு சிரித்தார். பின்னால் திரும்பி மற்ற இருவரிடம் சொன்னார்: "கவனித்தீர்களா? தன்னை ஓட்டுநர் என்கிறார். எங்கள் ஊர்ப் பேராசிரியர்களிடம் இந்தத் தன்னடக்கம் செத்தாலும் வராது." பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து எழுதினார். எழுதியதை வாய்விட்டும் படித்தார். "தேவைப்பட்டால் வாகனத்தைத் தாமே ஓட்டும் எளிமை. பிற்சேர்க்கையில் சேர்க்க."

ஒன்பது மணிக்கு விமான நிலையம். நேசையன் மூன்று பெட்டிகளையும் இறக்கிவைத்தார். மூவரும் கைகுலுக்கிவிட்டு உள்ளே போனார்கள்.

திரும்பும்போது அஜேஷ் சார் பின்னிருக்கையில் காலை நீட்டிப் படுத்தார். பாலராமபுரம் தாண்டியதும் போன் வந்தது. பேசி முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, மேனேஜராக்கும். அடுத்த சனியாழ்ச அனுமோதன யோகம், பாராட்டுக் கூட்டமாக்கும். முதல் பொன்னாட உங்களுக்கு. மெமெண்டோவும் உண்டு. பிளெக்ஸில போட ஒரு போட்டோ வேணும், நேத்து உள்ள கோட்டு போட்டது. கேட்டீரா?"

நேசையன் இடது கையை உயர்த்தி, பின்னிருக்கைகளைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பினார். அஜேஷ் சார் தெரிந்த இடத்தில் வண்டியின் கூரை தெரிந்தது.